நாட்டிலஸும் ஒரு புள்ளியும்

லினக்ஸ் டெர்மினலில் 'நாட்டிலஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டினால், அப்போது இருக்கும் ஃபோல்டரே ஜன்னலாகத் திறக்கும். புள்ளி என்றால் 'இந்த இடம்'. (மறந்தால் ஹோம் ஃபோல்டர்தான் வரும்!)

இதை உருவாக்கியது ஈஸல் என்ற அமெரிக்கக் கம்பெனி. மெக்கின்டாஷ் புகழ் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டும் அதில் இருந்தார். 2001 மார்ச்சில் நாட்டிலஸ் 1.0 வந்தது, மே மாதமே கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆனால் கட்டற்ற மென்பொருள் ஆயிற்றே! க்னோம் குழுவினர் தொடர்ந்து வளர்த்தார்கள். சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸிலும் க்னோம்தான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸும் இருந்ததால், ஆய்க்குடி, தென்காசிப் பக்கத்து பிளஸ் டூ மாணவர்கள் கைக்கும் அது வந்து சேர்ந்தது.

கேடிஈ வைத்திருந்தவர்கள் இதே வேலைக்கு 'காங்கரர்' என்று அடிக்க வேண்டியிருந்தது. இந்தக் குழப்பம் தீர 2006-ல் 'எக்ஸ்டிஜி-ஓப்பன்' வந்தது. 2012-ல் மெனுவில் நாட்டிலஸின் பெயர் 'ஃபைல்ஸ்' என்று மாறியது. டெர்மினலில் இன்றும் நாட்டிலஸ்தான்.