தாதியரின் ஐம்பது நாட்கள்: விக்ரோரியா 1986



அண்மையில் எங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு தாயார் தொலைபேசி எடுத்தார். மகள் வைத்தியசாலையில் தாதி. சம்பள உடன்படிக்கைப் பேச்சு இழுபடுகிறதாம், வேலைநிறுத்த வாக்கெடுப்பு வரலாமாம். "பிள்ளை வாக்குப் போட்டால் பிறகு வேலைக்கு ஏதும் பிரச்சினை வருமோ தம்பி?" என்று கேட்டார்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். 1980 யூலை பொது வேலைநிறுத்தத்தின்போது ஜே. ஆர். அரசு சுமார் 40,000 பேரை ஒரேயடியாக வேலையிலிருந்து தூக்கியது. அப்படி வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இந்த மாநிலத்துத் தாதியருக்கு வேறொரு கதை இருக்கிறது. அதைத்தான் இம்மாதம் சொல்ல வந்தேன்.

இங்கும் தாதியர் சங்கத்தின் விதிகளில் 'வேலைநிறுத்தம் செய்வதில்லை' என்ற வாசகம் நீண்ட காலம் இருந்தது. 1980களில்தான் அது எடுக்கப்பட்டது. 1985 ஒக்டோபரில் விக்ரோரியாத் தாதியர் 5 நாட்கள் வேலையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் தொழில் ஆணைக்குழு சம்பள உயர்வையும் புதிய பதவித் தரங்களையும் தீர்ப்பாகவே கொடுத்தது. வென்றுவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

கணக்காளனாகிய எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவையான பகுதி. தீர்ப்பை நடைமுறைப்படுத்தியபோது, அனுபவமும் மேற்படிப்பும் உள்ள தாதியர் பலரைக் கீழ்த் தரங்களில் போட்டார்கள். அதே விடுதி, அதே நோயாளர், அதே பொறுப்பு. தாளில் மட்டும் ஒரு படி கீழே. ஒரு படி என்றால் சிறிய விடயம் அல்ல. மேலதிக நேரம், இரவுக் கொடுப்பனவு, விடுமுறைச் சம்பளம் எல்லாமே அந்த அடிப்படைத் தொகையிலிருந்துதான் கணக்கிடப்படும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுப்பது என்பது இதுதான்.

1986 ஒக்டோபர் 31 அன்று வெளியேறினார்கள். சங்கத்தின் செயலாளர் ஐரீன் போல்ஜர். எதிர்ப்பக்கம் இருந்தது முதலாளிகளின் கட்சி அல்ல, ஜோன் கேய்னின் தொழிற்கட்சி அரசாங்கம். முதலில் வேலைக்குத் திரும்புங்கள், பிறகு பேசலாம் என்றது அரசு. விடுதிகளில் குறைந்தபட்ச ஆட்களை விட்டுவிட்டு, மற்றவர்கள் வைத்தியசாலை வாசல்களில் இரவு பகலாக மறியலில் நின்றார்கள். நோயாளியை விட்டுவிட்டுப் போகலாமா என்ற கேள்வியை வெளியில் இருந்தவர்களைவிட அவர்களே தங்களிடம் அதிகம் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நத்தார் நெருங்கும் காலத்தில் ஏழு வாரங்கள் சம்பளம் இல்லை. வீட்டுக் கடன் கட்டுபவர்களுக்கு அதன் பாரம் தெரியும்.

டிசம்பர் 20 அன்று முடிந்தது. தர நிர்ணயம் திரும்பப் பார்க்கப்பட்டது, மேற்படிப்புக் கொடுப்பனவும் கிடைத்தது.

2000ஆம் ஆண்டில் இன்னொரு தீர்ப்பு வந்தது. பெரிய வைத்தியசாலைகளின் பொது விடுதிகளில் பகல் வேளையில் 20 நோயாளருக்கு 5 தாதியர். 'போதிய ஆட்கள்' என்ற வழவழாச் சொல்லுக்குப் பதிலாக ஒரு எண் வந்தது. 2015இல் அந்த எண் மாநிலச் சட்டமாகவே ஆனது.

தாயாரின் கேள்விக்கு வருகிறேன். 1986இல் இல்லாத ஒரு ஒழுங்கு இப்போது உண்டு. ஆணைக்குழுவின் அனுமதியுடன் இரகசிய வாக்கெடுப்பு நடக்கவேண்டும். அது நிறைவேறினால், வேலைநிறுத்தத்துக்கு முன் நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். அப்படிச் சட்டப்படி நடக்கும் நிறுத்தத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. யார் எப்படி வாக்களித்தார் என்பதும் நிர்வாகத்துக்குத் தெரியவராது. ஆனால் வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் இல்லை, நிர்வாகம் விரும்பினாலும் கொடுக்க முடியாது. ஆகவே வாக்குப் போடுவதற்கு முன், இரண்டு கிழமைச் செலவுக்குக் கையில் காசு இருக்கிறதா என்று மகளோடு இருந்து பாருங்கள். சம்பளத் துண்டில் அவருடைய தரம் என்ன என்று போட்டிருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் அம்மா.