டி.கே.ஐ.எம்.

டொமைன் ஒன்று தான் அனுப்பும் மின்னஞ்சலில் ரகசியத் திறவுகோலால் கையொப்பமிட்டு, அதனைச் சோதிப்பதற்குரிய பொதுத் திறவுகோலைத் தன் டி.என்.எஸ். பதிவில் பகிரங்கமாக வைத்திருக்கும் முறை. 1982இல் ஜான் போஸ்டல் வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் மின்னஞ்சல் அனுப்பும் விதிகளில் அனுப்புநரின் பெயரை மெய்ப்பிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாமையால், எவர் பெயரிலும் எவரும் மடல் விடுக்கலாம் என்ற நிலைமை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

யாஹூவில் மார்க் டெலனி வகுத்த டொமைன்கீஸும், சிஸ்கோவில் ஜிம் ஃபென்டனும் மைக்கேல் தாமஸும் வகுத்த ஐடென்டிஃபைடு இன்டர்நெட் மெயிலும் ஒன்றாய்க் கலந்து, 2007 மே மாதத்தில் ஆர்.எஃப்.சி. 4871 என்னும் பிரமாணமாக வெளிவந்தன, 2011இல் ஆர்.எஃப்.சி. 6376 அதன் ஸ்தானத்தைப் பெற்றது.

கையொப்பம் மடலின் உடற்பகுதியையும், அனுப்புநர் பெயர் உள்ளிட்ட சில தலைப்பு வரிகளையும் காக்கும். இடைவெளி மாற்றம் போன்ற சிறு மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும் தளர்ந்த முறையொன்றும் உண்டு. செலக்டர் என்னும் சிறு பெயரே இவ்வமைப்பின் நேர்த்தி எனலாம்: ஒரே டொமைன் பல திறவுகோல்களைத் தனித்தனிப் பெயரில் வைத்துக்கொண்டு, பழையதை அகற்றுமுன் புதியதை நிறுவவும், தனக்காக மடல் அனுப்பும் அயல் நிறுவனத்துக்குத் தனித் திறவுகோல் அளிக்கவும் அதனால் இயலுகிறது. மடலில் எழுதியிருப்பது மெய்யென்று கையொப்பம் கூறுவதில்லை; அம்மடலுக்கு இந்த டொமைன் பொறுப்பேற்கிறது என்ற அளவிலேயே நிற்கிறது.

நீண்டகால உபயோகத்துக்குரிய திறவுகோல் 1024 பிட்டுக்குக் குறையலாகாது என்று பிரமாணம் முதலிலேயே விதித்திருந்தும், பெரிய நிறுவனங்கள் சிலவும் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பது 2012இல் வெளிப்பட்டது. கணிதவியலர் ஸக்கரி ஹாரிஸ், கூகுளிலிருந்து தமக்கு வந்த வேலைவாய்ப்பு மடல் 512 பிட் திறவுகோலால் கையொப்பமிடப்பட்டிருப்பதைக் கண்டு, தம் திறமையைச் சோதிக்க வைத்த புதிராக இருக்கலாமென்று எண்ணி, அதனை உடைத்து, நிறுவனர்களான செர்கே பிரினுக்கும் லாரி பேஜுக்கும் ஒருவர் பெயரில் மற்றவருக்கு மடல் விடுத்தார். பதில் வரவில்லை, இரண்டு நாளில் திறவுகோல் மட்டும் 2048 பிட்டாக மாறியிருந்தது. அமேசானின் வாடகைக் கணினிகளில் ஏறத்தாழ 72 மணி நேரமும் 75 டாலரும் இதற்குப் போதும் என்று அவர் தெரிவித்தார்.

கையொப்பம் ஆண்டுகள் கழிந்த பின்னும் சோதிக்கத்தக்கதாய் நிலைத்திருப்பது குணமா தோஷமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. 2016இல் விக்கிலீக்ஸ் வெளியிட்ட, ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் மடல்களில் சிலவற்றின் மெய்ம்மை இவ்வழியே சோதிக்கப்பட்டது. பயணத்தின்போது மட்டும் பயன்படவேண்டிய முத்திரை இவ்வாறு நிரந்தர சாசனமாகிவிடுவதை விரும்பாத மறைகுறியீட்டறிஞர் மேத்யூ கிரீன், பழைய ரகசியத் திறவுகோல்களைக் கூகுளே வெளியிட்டுவிட வேண்டும், அப்போது எவரும் அக்கையொப்பத்தைப் போலியாக இடலாம் என்பதால் அது சாட்சியாகாது என்று 2020இல் எழுதினார். பத்திரிகையாளருக்கு உதவும் சாட்சியத்தை வலிய அழிப்பது தகாது என்போர் இதற்கு உடன்படார்.

2018இல் வந்த ஆர்.எஃப்.சி. 8301, கையொப்பத்தில் பயன்பட்ட ஷா-1 என்னும் பழைய ஹாஷ் முறையை விலக்கிற்று. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களோ அதற்கு மேலோ அனுப்புவோருக்குக் கூகுள் இக்கையொப்பத்தைக் கட்டாயமாக்கியது. யாஹூவும் பெருமளவில் அனுப்புவோருக்கு இவ்வாறே விதித்தது.