'ஐ ஸ்டில் மிஸ் சம்ஒன்': கார்டிஃப் படப்பதிவு, 1966

1966ஆம் ஆண்டு மே மாதம் பாப் டிலனும் ஜானி கேஷும் வேல்ஸின் கார்டிஃப் நகரில், கேப்பிடல் தியேட்டர் மேடைக்குப் பின்னால் ஒரு பாடலைச் சேர்ந்து பாடினார்கள். கேஷின் 'ஐ ஸ்டில் மிஸ் சம்ஒன்' என்ற அந்தப் பாடலை 16 மி.மீ. வண்ணச் சுருளில் பிடித்து வைத்தது 'ஈட் தி டாக்குமென்ட்' என்ற படத்துக்காகச் சுழன்றுகொண்டிருந்த கேமரா. ஃபோக் ராக் இசையின் முதன்மைக் கலைஞராகிவிட்ட டிலன் அந்தக் காலத்தில் பிறர் பாடலைப் பாடுவதைக் காட்டும் படப்பதிவுகள் மிகச் சிலவே உண்டு. அவற்றிலும் பாடலை எழுதியவரையே பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பாடியது என்பதால் இது தனித்து நிற்கிறது.

பாடலை கேஷ் தம் உறவினர் ராய் கேஷ் ஜூனியருடன் சேர்ந்து எழுதினார். கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் செய்த முதல் ஆல்பமான 'தி ஃபேபுலஸ் ஜானி கேஷ்' 1958 நவம்பரில் வந்தபோது இதுவும் அதில் இருந்தது. பிறகு 'டோன்ட் டேக் யுவர் கன்ஸ் டு டவுன்' இசைத்தட்டின் மறுபக்கத்திலும் இடம்பெற்றது. பிரிந்து போன காதலியை மறக்க முடியாதவனின் புலம்பல் அது. சொற்கள் எளியவை, மெட்டும் எளியது. லூதர் பெர்கின்ஸின் கிட்டாரும் மார்ஷல் கிராண்டின் பாஸும் சேர்ந்து ரயில் ஓடுவது போலத் தட்டிக்கொண்டு போகும் தாளத்தின் மேல் கேஷின் கனத்த குரல் நடக்கும். இப்படிப்பட்ட பாடலைக் கெடுப்பது கடினம், நன்றாகப் பாடுவதும் கடினம்.

இருவருக்கும் இடையிலான மதிப்பு பழையது. டிலன் அரசியல் பாடல்களை விட்டு விலகுகிறார் என்று 1964இல் குறை எழுந்தபோது, அவரைப் பாட விடுங்கள் என்று கேட்டு 'பிராட்சைட்' இதழுக்குக் கேஷ் கடிதம் எழுதினார். அதே ஆண்டு கோடையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் தம் கிட்டாரை டிலனுக்குக் கொடுத்தார். டிலனின் 'இட் எய்ன்ட் மீ பேப்' பாடலைக் கேஷ் பதிவு செய்ததும் அந்த ஆண்டில்தான். எனவே கார்டிஃபில் டிலன் கேஷின் பாடலை எடுத்ததை ஒரு மறுமொய் என்று சொல்லலாம்.

டிலனின் இசை வாழ்க்கை பிறர் பாடல்களில்தான் தொடங்கியது. 1962இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் 13 பாடல்களில் இரண்டே இரண்டுதான் சொந்தமானவை. அதன்பின் வந்த ஆல்பங்களில் நிலைமை தலைகீழானது. 1966 கச்சேரிப் பயணத்தில் மேடையேறிய பாடல்களில் 'பேபி, லெட் மீ ஃபாலோ யூ டவுன்' தவிர மற்றவை அநேகமாக அவர் எழுதியவையே, அந்த ஒன்றும் முதல் ஆல்பத்திலிருந்து வந்தது. பழைய கன்ட்ரி, புளூஸ் பாடல்கள் ஓட்டல் அறைக்கும் மேடையின் பின்புறத்துக்கும் ஒதுங்கிவிட்டன. 1965இல் லண்டன் சவாய் ஓட்டலில் அவர் ஹாங்க் வில்லியம்ஸ் பாடல்களைப் பாடுவதை ஆவணப்பட இயக்குநர் டி. ஏ. பென்னிபேக்கர் 'டோன்ட் லுக் பேக்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் காட்டியிருக்கிறார். கார்டிஃப் காட்சி அதற்கு நேரடி வாரிசு.

கார்டிஃபில் டிலன் மேடையேறியது மே 11ஆம் தேதி. முந்தின இரவு பிரிஸ்டல், அடுத்த இரவு பர்மிங்காம். ஒவ்வொரு நிகழ்ச்சியும் இரண்டு பாதி: முதல் பாதியில் தனி ஆளாகக் கிட்டாரும் ஹார்மோனிகாவும், இரண்டாம் பாதியில் ஹாக்ஸ் குழுவுடன் மின்னிசை. பிற்பாடு 'தி பேண்ட்' என்று பேர் வாங்கிய குழு அது. நாட்டார் இசையை எதிர்பார்த்து வந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் இரண்டாம் பாதியில் கூச்சலிட்டார்கள், மெதுவாகக் கைதட்டி எரிச்சலைக் காட்டினார்கள், சிலர் எழுந்து போனார்கள். கார்டிஃபுக்கு ஆறு நாள் கழித்து மான்செஸ்டரில் ஒருவர் 'யூதாஸ்!' என்று கத்தியது இசை வரலாற்றில் பதிந்துவிட்டது. அந்த நாட்களில் கேஷும் பிரிட்டனில் பயணக் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தார். போதை மாத்திரைகளோடு மல்லுக்கட்டிய காலம் அது. 1965 அக்டோபரில் எல் பாசோவில் அதற்காகக் கைதாகியும் இருந்தார்.

காட்சி இவ்வளவு நெருக்கமாகக் கிடைத்ததற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். 1966 பயணத்தையும் படமெடுத்த பென்னிபேக்கரும் ரிச்சர்ட் லீகாக் முதலியோரும் 1960 வாக்கில் தோளில் தூக்கிக்கொண்டே படமெடுக்கவும், கேமராவுக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் இடையே கம்பி இல்லாமலே உதட்டசைவும் ஒலியும் பொருந்தவும் வழி கண்டார்கள். கனத்த முக்காலியும் விளக்குகளும் வேண்டாம், 'ஆக்‌ஷன்' சொல்ல ஆளும் வேண்டாம். 400 அடிச் சுருள் ஒன்று சுமார் பதினோரு நிமிடம் ஓடும். தீர்ந்தால் மாற்ற வேண்டும், அந்த இடைவெளியில் நடந்தது நடந்ததுதான். ஒத்திகையில்லாத பாடல் ஒன்று சுருள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பிறந்ததைப் பாதி திறமை, பாதி அதிர்ஷ்டம் என்று கொள்ளலாம்.

காட்சியில் டிலன் பியானோ முன் உட்கார்ந்திருக்கிறார், கேஷ் பக்கத்தில் நிற்கிறார். தாளத்தைப் பிடித்து நிறுத்த கிட்டாரோ பாஸோ இல்லாததால், மூலப்பதிவின் ரயில் ஓட்டம் இங்கே தடுமாறும் நடையாகிவிடுகிறது. கேஷின் அடிக்குரலுக்கு மேல் டிலன் தம் குரலைப் பொருத்தப் பார்க்கிறார். இரண்டும் சில இடங்களில் சேர்கின்றன, சில இடங்களில் விலகுகின்றன. அடுத்த வரி எது என்று இருவருமே தயங்குகிறார்கள், அதை எழுதியவர் உட்பட. களைப்பு இரு முகங்களிலும் தெரிகிறது. கச்சேரி என்ற அளவில் இதற்கு மதிப்பெண் போட்டால் தேறாது. ஆனால் அரங்கில் தம் பாட்டுக்கே ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், கேட்க யாரும் இல்லாத இடத்தில் வேறொருவர் பாட்டுக்குள் போய் ஒதுங்குவதை இவ்வளவு பக்கத்திலிருந்து காட்டும் காட்சி வேறு கிடைப்பது அரிது.

அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சிக்காகத்தான் இந்தப் படப்பிடிப்பு நடந்தது. 1966 ஜூலை 29 அன்று வுட்ஸ்டாக் அருகே மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய டிலன், பயணங்களை நிறுத்திவிட்டு, திரைப்படக் கலைஞர் ஹோவர்டு ஆல்க்குடன் உட்கார்ந்து படத்தைத் தாமே வெட்டி ஒட்டினார். பென்னிபேக்கர் செய்த தொகுப்பு தனி. டிலனின் படத்தில் எந்தப் பாட்டும் முழுதாக ஓடுவதில்லை. மேடை, ரயில், ஓட்டல், தெருவில் நின்று கருத்துச் சொல்லும் ரசிகர்கள் என்று தாவித் தாவிப் போகிறது, கேஷ் வரும் துண்டும் அப்படித்தான் வந்து போகிறது. சாதாரணப் பார்வையாளருக்குப் புரியாது என்று ஏ.பி.சி. படத்தை ஏற்க மறுத்தது. தொலைக்காட்சி நிறுவனத்தின் கணக்கில் அது தவறான முடிவும் அல்ல.

படம் 1971 பிப்ரவரியில் நியூயார்க்கின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. அதன்பிறகும் அபூர்வமான சில திரையிடல்களோடு சரி, வீட்டில் பார்க்கத்தக்க அதிகாரபூர்வ வெளியீடு எதுவும் வரவில்லை. பல தலைமுறை நகல் எடுத்து நிறம் வெளுத்த திருட்டுப் பிரதிகள் வழியாகவே ரசிகர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தார்கள். கார்டிஃப் காட்சிக்கு அரிய பதிவு என்ற பெயர் நிலைத்ததில் இந்தக் கைமாற்றலுக்கும் பங்கு உண்டு. அந்தப் பயணத்தின் மூலச் சுருள்களைத் துலக்கிப் பெருமளவில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது மார்ட்டின் ஸ்கோர்செஸி 2005இல் எடுத்த 'நோ டைரக்‌ஷன் ஹோம்' ஆவணப்படம்.

1969 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நாஷ்வில்லில் கொலம்பியா ஒலிப்பதிவுக்கூடத்தில் டிலனும் கேஷும் மீண்டும் சேர்ந்து பாடினார்கள். அங்கே எடுத்த பாடல்களில் இதே 'ஐ ஸ்டில் மிஸ் சம்ஒன்' பாடலும் உண்டு. ஆனால் 'நாஷ்வில் ஸ்கைலைன்' ஆல்பத்துக்குள் போனது 'கேர்ள் ஃப்ரம் தி நார்த் கன்ட்ரி' மட்டும். அந்த ஆல்பத்தின் உறையில் கேஷ் எழுதிய முன்னுரை கிராமி விருது பெற்றது. 1969 ஜூன் 7 அன்று ஒளிபரப்பான கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முதல் பகுதியில் டிலன் விருந்தினர். நிகழ்ச்சியை ஒளிபரப்பியது, 'ஈட் தி டாக்குமென்ட்' வேண்டாம் என்று சொன்ன அதே ஏ.பி.சி. நாஷ்வில் பதிவு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பரில் 'டிராவலின் த்ரூ' என்ற தொகுப்பில் வெளிவந்தது. அதில் தாளவாத்தியங்கள் இருக்கின்றன, தாளம் நிதானமாக நிற்கிறது. இருவரும் வரிகளை மறக்காமல் பாடுகிறார்கள்.