மழிப்புத் தொழிலும் கைப்பயிற்சியும்

கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியின் விற்றிறத்தைப் புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடியுள்ளார். அவன் விடுத்த ஓரம்பு யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து உயிர்களைத் துளைத்ததாக அப்பாட்டால் அறிகிறோம். அக்கை எவரிடம் பழகிற்று, எத்துணை ஆண்டு பழகிற்று என்பதனைப் புலவர் கூறினாரல்லர், கூறவேண்டுவதும் அன்று. ஆயினும் கைத்தொழில்களின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு இவ்வமைதி பேரிடராக நிற்கின்றது. முற்றிய கைத்திறத்தை நம் நூல்கள் போற்றும். பழகும் கையைக் காட்டுதல் அரிது. முடிதிருத்தல், ஒப்பனை ஆகிய தொழில்களில் இக்குறை மிகப் பெரிது.

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவியின் கூந்தல் ஒப்பனை விரிவாகப் பேசப்படுகின்றது. பத்து வகைத் துவரும், ஐவகை விரையும், முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலை ஆட்டியதும், பின்னர்ப் புகையூட்டியதும் ஆண்டுக் கூறப்படுகின்றன. இத்துணை நுட்பமான வினை கல்லாமல் வருவதன்று. ஆயின், ஆடலாசிரியன், இசையாசிரியன் முதலியோரின் அமைதிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும் அரங்கேற்று காதை, கூந்தல்வினை கற்பித்தவரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

கல்வெட்டுகள் இவ்வகையில் சற்றுக் கூடுதலாக உதவுகின்றன. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில், கோயிற் பணியாளர் வரிசையில் குயவர், வண்ணார், தையற்காரர், தச்சர் ஆகியோரோடு நாவிதரும் இடம்பெறுகின்றனர். இதனினும் சிறந்த சான்று, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் (1063–1070) கல்வெட்டாகும். பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றினை இது குறிக்கின்றது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்து கொணர்ந்து அடுவோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கெல்லாம் வகுக்கப்பட்ட ஊதியத்தோடு நாவிதர் ஒருவர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டுள்ளது. அறுவை செய்வாரும் நாவிதரும் ஈண்டு வேறுவேறாக நிற்றல் கருதத்தக்கது. இதே கல்வெட்டு வேதமும் இலக்கணமும் பயிலும் மாணாக்கர்க்கு உணவும், சனிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெயும் அளிக்கின்றது. கத்தி பிடிக்கக் கற்பான் ஒருவனுக்கு ஒரு நாழி நெல்லேனும் அதில் இல்லை. அவன் கல்வி வீட்டிற்குள்ளேயே நடந்தது என்பதும், அதற்குச் செலவிட வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை என்பதும் இதனால் உய்த்துணரலாம்.

தமிழகத்தில் நாவிதர் மருத்துவர் எனவும் பண்டிதர் எனவும் வழங்கப்பெற்றனர். அவர்தம் மகளிர் மருத்துவச்சியராய் ஊர்ப் பிள்ளைப்பேறுகளை நடத்தினர். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பும் இதனைக் குறிக்கின்றது. பிறர் உடம்பின்மேல் கூரிய கருவியைச் செலுத்தும் கை தவறு செய்து கற்றல் இயலாது என்பதே இவ்விரு தொழிலுக்கும் பொதுவான இடர். சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்து ஒன்பதாம் இயல் இதற்கு ஒரு வழி காட்டுகின்றது. பூசணி, வெள்ளரி போன்ற காய்களில் வெட்டுதலையும், மயிர் நிறைந்த தோலின்மேல் சுரண்டுதலையும், துணி விளிம்பில் தையலையும், பாவையின்மேல் கட்டுக் கட்டுதலையும் பயிலுக என்கின்றது. எல்லா நூலும் கற்றவனாயினும் இப்பயிற்சி இல்லாதவன் தொழிலுக்கு ஆகான் என்பது அதன் துணிபு. இன்றைய பயிற்சிக் கூடங்களில் மாணவர் ஊதிய பலூனில் சோப்பு நுரை பூசி, அது வெடியாதவாறு மழித்துப் பழகுவதும் இவ்வழியில் வந்ததேயாம். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்தல், கத்தியைப் படுக்கையாகவும் நிமிர்த்தும் பிடியாது இடைச்சாய்வில் வைத்தல், மயிர் வளரும் போக்கிலே செல்லுதல் ஆகியவற்றைச் சொல்லால் ஒரு நாளில் கூறிவிடலாம்; கை அறிதற்குப் பல மாதங்கள் வேண்டும்.

மேலைநாட்டில் இப்பயிற்சி எழுத்துக்குள் வந்தது. இலண்டனில் நாவிதரும் அறுவையாளரும் 1540இல் ஒரே கழகமாக இணைக்கப்பட்டு, 1745இல் பிரிந்தனர். 1893இல் சிகாகோவில் மோலர் என்பவர் முடிதிருத்துவார்க்கெனக் கல்லூரி ஒன்றினை நிறுவிப் பாடநூலும் வெளியிட்டார். கட்டணம் செலுத்திய எவரும் கற்கலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று.

நம் நாட்டில் கைப்பயிற்சி பிறப்போடு கட்டுண்டு கிடந்தது. சென்னை மாநிலத்தில் 1953இல் இராசகோபாலாச்சாரியார் புகுத்திய தொடக்கக் கல்வித் திட்டம் அக்கட்டினை வெளிப்படுத்திவிட்டது. ஊர்ப்புறப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியிலும், எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டும் என்றது அத்திட்டம். கை இளமையிலேயே பழக வேண்டும் என்ற கருத்தில் பிழையில்லை. ஆனால் நாவிதர் மகனுக்குத் தந்தையின் அடைப்பமே பாடநூல் என்றும், கணக்கர் மகனுக்கு ஏடு என்றும் அது பொருள்பட்டது. 'குலக்கல்வி' என்று எதிர்த்தோர் இட்ட பெயரே இன்றளவும் நிலைத்துள்ளது. 1954இல் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே வினா மீண்டும் எழுந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டத்தில் அடங்கிய 18 தொழில்களுள் முடிதிருத்தலும் ஒன்று. நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகையோடு ஐந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி அதில் உண்டு. குடும்பத் தொழிலாக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை மறுத்து, 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதனை அவ்வடிவில் ஏற்க இயலாது என்றது. 2025இல் 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதில் குல நிபந்தனை இல்லை. ஆயின் அது 35 அகவை நிரம்பினோர்க்குரியது; இளைஞன் கற்கும் இடம் அன்று. ஏழு நாளிலும் கை பழகாது.

இளைஞர்க்குரியது தொழிற்பயிற்சி நிலையங்களின் ஓராண்டு அழகுக்கலைப் பிரிவேயாகும். பத்தாம் வகுப்புத் தேர்ந்த எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், எக்குலத்தினராயினும் அதிற் சேரலாம். காஞ்சியிலிருந்து வந்தோம் என்று தம் முன்னோர் கதை கூறும் மலையாளிப் பழங்குடியினர் வாழும் கொல்லிமலையிலும், பழங்குடியினர்க்கென ஓர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. நிலையத்தில் பாவைத் தலையில் பழகியவர் பின்னர் உயிருள்ள தலையில், கடையில், மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் பழகுதல் வேண்டும். தொழில் பழகுநர் அப்பழகு காலத்திலேயே உதவித்தொகை பெற 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் வகை செய்தது. திருமுக்கூடற் கல்வெட்டில் இலக்கண மாணாக்கனுக்கு மட்டுமே அளந்த நெல், ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழித்துக் கைத்தொழில் கற்பானுக்கும் சட்டத்தில் இடம்பெற்றது.