பெயர் கூப்பிடுதலும் ஒற்றாடலும்

காவல் நிலையங்களில் காலைதோறும் 'ரோல்கால்' நடைபெறும். பெயர் கூப்பிட்டு, சீருடை பார்த்து, இன்னார்க்கு இன்ன பணி என்று பிரித்துக் கொடுப்பதோடு பெரும்பாலும் அது முடிந்துவிடும். படைமுகாமில் பிறந்த வழக்கம் அது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் சென்னை மாகாணக் காவல்துறைக்கு வடிவம் தந்தது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். மேலிருப்பவர் சொல்வார், கீழிருப்பவர் கேட்பார் என்னும் படைமுறை அதில் ஊன்றியது. 1902-03-இல் ஆராய்ந்த பிரேசர் ஆணையமோ, காவல்துறையின் பயிற்சியே குறையுடையது என்று கண்டது.

நம் மரபு வேறொன்றைச் சொல்கிறது. திருக்குறளின் 'ஒற்றாடல்' அதிகாரம், ஒருவர் கொணர்ந்த செய்தியைப் பிறர் கொணர்ந்தவற்றோடு ஒப்பிட்டே தெளியச் சொல்கிறது. 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரமோ, இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவரின்றியும் கெடுவான் என்கிறது. ரோல்காலுக்கு இவ்விரண்டையும்விடச் சிறந்த இலக்கணம் வேண்டுமோ?

கள்ளக்குறிச்சியை எண்ணிப் பாருங்கள். கல்வராயன் மலையில் சாராய ஊறலைத் தேடி அழிப்பது அங்குள்ள காவலர்க்குப் பழகிய பணி. ஆனால் 2023 மே மாதம், விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது ஊறல் அன்று. மெத்தனால் என்னும் ஆலைக் கரைப்பான். கள்ளக்குறிச்சியோ 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த ஊர். ஓராண்டு கழிந்து, 2024 ஜூனில், கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அதே நஞ்சு 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாவட்டக் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

இத்துயருக்கு ரோல்காலைக் காரணம் காட்டுதல் பேதைமை. எனினும் அண்டை மாவட்டத்துச் சாவு நமக்கு என்ன கற்பிக்கிறது என்று பேச, நாள்தோறும் கூடும் இடம் அதுவன்றி வேறெது? மெத்தனாலை நிறத்தாலோ மணத்தாலோ சாராயத்திலிருந்து பிரித்தறிய இயலாது. குடித்தவர்க்கு வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனை சேர்க்க வேண்டும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

பெயர் கூப்பிட்டபின் இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கலாம். ரோந்து சென்றவர் தெருவில் கேட்டதைச் சொல்லட்டும். மற்றொருவர் அதை ஒப்பிட்டு உரைக்கட்டும். ஒவ்வொரு நாளும் ஓர் இளங்காவலர் ஒரு நிகழ்வை எடுத்து விளக்கட்டும். பலர்முன் நின்று பேசிப் பழகியவரே நாளை நிலையத்தை நடத்துவார். ஆய்வாளர் இறுதியில் பேசினால் போதும்; முதலில் பேசினால் பிறர் வாய் திறவார்.