நியுவேயின் பதினைந்து பேர்

நியுவே என்ற பெயரை நான் முதலில் கண்டது விளையாட்டுப் பக்கத்தில் அல்ல, வேலையில். சுவீடன் வாடிக்கையாளர் ஒருவருடைய இணையத்தளங்களை ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அவற்றின் முகவரிகளில் பாதி ‘.என்யூ’ என்று முடிந்தன. சுவீடன் மொழியில் ‘நு’ என்றால் ‘இப்போது’. அதனால் அங்கே அந்த விகுதிக்கு நல்ல கிராக்கி. உண்மையில் அது பசிபிக் சமுத்திரத்தில் இருக்கும் நியுவே என்ற தீவின் நாட்டுக் குறியீடு. 2013இலிருந்து அதை நடத்துவது சுவீடனின் இணைய அறக்கட்டளை. அந்த விகுதியும் அதன் வருமானமும் தனக்கே உரியவை என்று தீவின் அரசாங்கம் 2018இல் வழக்குப் போட்டது. யாருடைய தீவு இது என்று பார்க்கப் போய்த்தான் அதன் றக்பி அணியின் கதைக்கு வந்து சேர்ந்தேன்.

நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் றக்பி என்பது கொழும்பு, கண்டிப் பள்ளிக்கூடங்களின் ஆட்டம். எனக்கு அதன் விதிகள் இன்றைக்கும் அரைகுறைதான். நியுவேயில் அப்படியில்லை. அங்கே அது ஊர் ஆட்டம். ஆனால் அந்த ஊரில் ஆட்கள் இல்லை.

ஒக்லாந்திலிருந்து வடகிழக்கே சுமார் 2,400 கிலோமீற்றர் தொலைவில் கடலிலிருந்து மேலெழுந்த ஒரு பவளப்பாறைதான் நியுவே. பரப்பு 260 சதுர கிலோமீற்றர், பதினான்கு கிராமங்கள். 1774இல் வந்த கப்டன் குக்கைத் தீவார் கரையில் தங்கவிடவில்லை. அவர் கோபத்தில் ‘காட்டுமிராண்டித் தீவு’ என்று வரைபடத்தில் பெயர் எழுதிவிட்டுப் போனார். 1901இல் நியூசிலாந்து அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பதினான்கு வருடம் கழித்து அங்கிருந்து 150 ஆண்கள் நியூசிலாந்துப் படையில் சேர்ந்து முதலாம் உலகப் போருக்குப் போனார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. எகிப்தின் வெயிலும் பிரான்சின் குளிரும் புதிய நோய்களும் அவர்களை விழுத்தின. 1916இலேயே அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நியுவேக்காரர் இன்னொரு நாட்டின் உடுப்பைப் போட்ட கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1974இல் தீவு தன்னாட்சி பெற்றது. ஆனால் மக்கள் நியூசிலாந்துக் குடியுரிமையோடுதான் இருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் விமான நிலையமும் வந்துவிட்டது. கடவுச்சீட்டும் கையில், விமானமும் வாசலில் என்றால் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960களில் ஐயாயிரத்துக்கு மேல் இருந்த சனம் இப்போது ஏறக்குறைய 1,600. நியூசிலாந்தின் 2018 குடிசன மதிப்பீட்டில் தம்மை நியுவே வழியினர் என்று பதிந்தவர்கள் 30,867 பேர்.

ஒரு றக்பிப் போட்டிக்குப் பதினைந்து பேரும் மாற்று ஆட்டக்காரரும் வேண்டும், மொத்தம் இருபத்துமூன்று. 1,600 பேரில் பெண்கள், குழந்தைகள், வயதானவர்களைக் கழித்துப் பாருங்கள். எஞ்சுவோரில் வலுவான தோள்கள் எத்தனை? 1999இல் சர்வதேச றக்பி சபையில் சேர்ந்த இந்தத் தீவு, பெற்றோரில் ஒருவரோ பாட்டன் பாட்டியில் ஒருவரோ அங்கே பிறந்திருந்தால் ஆடலாம் என்ற விதியை நம்பித்தான் களத்தில் நிற்க முடிகிறது. ஆட்டத்துக்கு முன் அணி ‘தகாலோ’ என்ற போர் அறைகூவலை ஆடும். ஒக்லாந்தில் பிறந்த சிலருக்கு அந்த மொழி பாட்டியின் வாயிலிருந்து கேட்டது மட்டுமாகவே இருந்திருக்கும்.

2004 ஜனவரியில் ஹேற்றா புயல் தீவை அடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள், ஆஸ்பத்திரி அழிந்தது, அருங்காட்சியகத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோனது. இனி அங்கே ஆட்கள் மிஞ்சுவார்களா என்றுகூடக் கேட்டார்கள். நாலு வருடம் கழித்து, 2008இல், தலைநகர் அலோஃபியில் ஓசியானியாக் கிண்ண இறுதியாட்டம். நியுவே 27, நியூ கலிடோனியா 5. எதிரணியின் நாட்டில் அப்போது கிட்டத்தட்ட இரண்டரை இலட்சம் பேர். இதை வைத்துக் கதை அளக்க ஆசைதான். ஆனால் நியூ கலிடோனியாவில் உதைபந்தாட்டமே முதல் ஆட்டம். 1998இல் பிரான்சுக்கு உலகக் கிண்ணம் வென்ற கரம்பு அங்கே பிறந்தவர். அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. என்றாலும் வெற்றி வெற்றிதான்.

நியுவேயின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்றால் பலரும் ஃபிராங்க் பன்ஸ் என்பார்கள். நியுவே வழியும் சமோவா வழியும் கொண்டவர். 1991 உலகக் கிண்ணத்தில் மேற்குச் சமோவாவுக்கு ஆடினார். அந்த அணி கார்டிஃபில் வேல்ஸை 16-13 என்று வீழ்த்தியது. அடுத்த வருடமே நியூசிலாந்தின் கறுப்புச் சட்டை. அதில் 55 டெஸ்ட் போட்டிகள். நியுவேயின் பெயர் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முப்பது வயதில் அப்படி ஓர் அழைப்பு வந்தால் நானும் போயிருப்பேன்.

பின்னர் இரண்டு நாடுகளுக்கு ஆடுவதைத் தடுத்தார்கள். சின்னத் தீவுகளைக் காப்பாற்றும் விதி போலத் தெரியும். நடந்தது மறுவளம். இருபது வயதுப் பெடியன் ஒருவன் பாட்டனின் தீவுக்காக ஒருமுறை களமிறங்கினால் பெரிய அணியின் கதவு அவனுக்கு அன்றோடு பூட்டு. பெற்றோர் எதைச் சொல்லியிருப்பார்கள்? 2022 தொடக்கத்திலிருந்து, மூன்று வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாதிருந்தவர், தான் பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், பாட்டன் பாட்டி பிறந்த நாட்டுக்கோ ஒரேயொரு முறை மாறலாம் என்று தளர்த்தினார்கள். எல்லோரும் தொங்காவையும் சமோவாவையும் பற்றியே பேசினார்கள்.

2014இல் சுவீடனின் ஒஸ்டர்சுண்ட் நகரில் கொனிஃபா உதைபந்தாட்டப் போட்டியில் தமிழீழ அணி ஆடியபோது என் மாமா கேட்டார்: “அங்க ஒரு நாளும் இருக்காத பெடியள் என்னெண்டு எங்கட அணி?” எனக்கு அப்போது பதில் வரவில்லை. அந்த அணிக்கு ஆட்கள் இருந்தார்கள், ஃபீஃபாவின் அங்கீகாரம் இல்லை. நியுவேக்கு அங்கீகாரம் இருக்கிறது, ஆட்கள் ஒக்லாந்தில். இப்போது கேட்டால் மாமாவுக்கு நியுவேயைச் சொல்லுவேன். இருப்பவர்களை மட்டும் எண்ணினால் அந்தத் தீவுக்கு அணியே இல்லை.

ஆனால் பாட்டனை எண்ணுவதற்கும் கடதாசி வேண்டும். பாட்டன் எங்கே பிறந்தார் என்று காட்ட வேண்டும். இதை வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த மகள், “அப்பப்பான்ர பிறப்புச் சான்றிதழ் எங்களிட்ட இருக்கா?” என்று கேட்டாள். வீட்டுக் கடதாசிகள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்தப் பெட்டியை நாங்கள் தூக்கவில்லை.