மரீஞா கிராண்டே: கண்ணாடி ஆலை வளர்த்த ஊர்

மரீஞா கிராண்டே, போர்த்துகல் நாட்டின் நடுப்பகுதியில் லைரியா நகருக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் இடையே அமைந்துள்ள ஊராகும். 18ஆம் நூற்றாண்டில் இங்கு வேரூன்றிய கண்ணாடி ஆலை, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இவ்வூர் மக்களின் வேலையையும் வாழ்வையும் தீர்மானித்தது. அந்த ஆலை 1992இல் மூடப்பட்டது. அதன் உரிமையாளர் வாழ்ந்த மாளிகை இன்று அருங்காட்சியகமாக உள்ளது. ஆயினும் இவ்வூரின் மரபு அம்மாளிகைக்குள் மட்டும் அடங்கிவிடவில்லை. தொழிலாளரின் கைத்திறனிலும் போராட்ட நினைவிலும் அதன் மறுபாதி இருக்கிறது.

காடும் உலையும்

மணலுடன் சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துக் கடும் வெப்பத்தில் உருக்கினால் கண்ணாடி கிடைக்கும். இதற்கு உலை இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். நிலக்கரி பரவலாவதற்கு முன்பு விறகே எரிபொருள். ஆகவே விறகு கிடைக்கும் இடத்தைத் தேடியே ஆலைகள் சென்றன.

லிஸ்பன் அருகே கொய்னாவில் இருந்த கண்ணாடி ஆலையும் 1740களின் இறுதியில் இவ்வாறுதான் மரீஞா கிராண்டேவுக்கு இடம்பெயர்ந்தது. ஊரை ஒட்டி ‘அரசரின் பைன் காடு’ எனப்பட்ட பெருங்காடு இருந்தது. கடற்கரை மணல் விளைநிலங்களை மூடாமல் தடுக்க இடைக்காலத்தில் உருவாக்கப்பட்ட இக்காட்டை, 1279 முதல் 1325 வரை ஆண்ட டினிஸ் மன்னரின் பெயரோடு இணைத்துப் பேசுவர். ஜான் பியர் என்பவர் நடத்திய அந்த ஆலை 1760களில் நின்றுபோனது.

ஸ்டீபன்ஸ் சகோதரர்கள்

1769இல் வில்லியம் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஆலையை மீண்டும் தொடங்கினார். போர்த்துகேயர் இவரைக் கில்யெர்மே ஸ்டீபன்ஸ் என அழைத்தனர். 1755ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் லிஸ்பனில் சுண்ணாம்புச் சூளைகள் நடத்தியவர் இவர். நாட்டில் தொழில்களை வளர்க்க விரும்பிய அமைச்சர் பொம்பால் பிரபு இவருக்குத் துணைநின்றார். வட்டியில்லாக் கடன், வரிச்சலுகை, அரசுக் காட்டிலிருந்து இலவச விறகு ஆகியவை ஆலைக்குக் கிடைத்தன.

ஸ்டீபன்ஸ் ஆலையோடு ஓர் ஊர் வாழ்வையும் அமைத்தார். தொழிலாளருக்குக் கல்வி, மருத்துவ உதவி, இசைப் பயிற்சி ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. ஆலையைச் சார்ந்து ஒரு நாடக அரங்கும் இருந்தது. அதில் தொழிலாளர்களே நடித்தனர். 1788இல் அரசி முதலாம் மரியா இங்கு வந்து தங்கினார். இந்த நன்மைகளுக்கு மறுபக்கமும் உண்டு. வேலை, கல்வி, கலை யாவும் ஒரே கையிலிருந்து வந்ததால், ஊரின் நலம் முழுவதும் ஆலையின் நலத்தைச் சார்ந்திருந்தது.

வில்லியம் 1803இல் மறைந்தார். அவருடைய தம்பி ஜான் ஜேம்ஸ் 1826இல் இறந்தபோது ஆலையைப் போர்த்துகேய நாட்டுக்கே உயில் எழுதி வைத்தார். அதன்பின் அரசு அதைப் பலருக்கும் குத்தகைக்கு விட்டது. ஊரில் வேறு கண்ணாடி ஆலைகளும் தோன்றின.

1934 எழுச்சி

சலசாரின் சர்வாதிகார அரசு 1933இல் இயற்றிய சட்டம் சுதந்திரத் தொழிற்சங்கங்களுக்கு முடிவு கட்டியது. இதை எதிர்த்து 1934 சனவரி 18 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. பெரும்பாலான இடங்களில் அது தோல்வியுற்றது. மரீஞா கிராண்டேவில் மட்டும் கண்ணாடித் தொழிலாளர்கள் காவல் நிலையத்தையும் அஞ்சல் தந்தி நிலையத்தையும் கைப்பற்றி, ஊரைச் சில மணி நேரம் தம் பொறுப்பில் வைத்திருந்தனர். படையினர் வந்து எழுச்சியை ஒடுக்கினர். கைதானோர் பலர் அசோர்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1936இல் கேப் வெர்டே தீவில் தராஃபல் சிறைமுகாம் திறக்கப்பட்டபோது, அங்கு அனுப்பப்பட்ட முதற் கைதிகளிலும் இவ்வூரார் இருந்தனர். சனவரி 18 இன்றும் இங்கு நினைவுகூரப்படுகிறது.

எஞ்சியவை

ஆலை மூடப்பட்டபின், ஸ்டீபன்ஸ் மாளிகையில் 1998இல் கண்ணாடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய கலன்களோடு ஊதுகுழல், இடுக்கி, அச்சு முதலிய கருவிகளும் அங்குள்ளன. அவற்றைப் பார்க்கும்போது ஒரு குவளைக்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்தன என்பது விளங்கும்: உருகிய கண்ணாடியைக் குழலின் நுனியில் எடுப்பவர், ஊதுபவர், கைப்பிடி ஒட்டுபவர், மெல்ல ஆறவைக்கும் சூளைக்குக் கொண்டுசெல்பவர் எனப் பலர் ஒரு குழுவாக உழைத்தனர். இந்த வேலையை ஏட்டில் படித்துக் கற்க முடியாது. மூத்தவர் அருகில் நின்றே பழக வேண்டும். எனவே உலை அணைந்தால் கட்டடம் நிற்கும், திறன் ஒரு தலைமுறையில் மறைந்துவிடும்.

ஆனால் அத்திறனின் ஒரு கிளை வேறு வடிவில் பிழைத்தது. கண்ணாடிக்கு உலோக அச்சு செய்த பட்டறைகளில் பயின்றவர்கள், 1940களின் நடுப்பகுதி முதல் நெகிழிப் பொருள்களுக்கான அச்சுகளைச் செய்யத் தொடங்கினர். இன்று மரீஞா கிராண்டே இத்தொழிலில் உலகறிந்த மையமாகும்.

உலைகளுக்கு விறகளித்த காட்டுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. 2017 அக்டோபரில் பரவிய தீயில் அதன் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எரிந்துபோனது. மரங்கள் மீண்டும் நடப்படுகின்றன. மாளிகையைக் காத்த ஊருக்கு, அம்மாளிகை எழக் காரணமான காட்டை மீட்கும் பணி இன்னும் மீதமிருக்கிறது.